நாலு தகரமும் ஒரு பூனையும்

நல்லமுத்து வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் மிக நன்றாக அமைந்தது புதுவீட்டுத் திறப்பு விழாவில் பேசியதுதான். அதில்தான் பூனையைப் பற்றிய வரியும் வந்தது.

இலங்கை மலையகத்தில் வட்டகொடையிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம். அதன் மேற்பிரிவில் பதினாறு வருடமாக அவர்தான் தொழிற்சங்கத் தலைவர். தலைவர் என்றாலும் காலையில் மற்ற ஆண்களோடு கத்தி எடுத்துக்கொண்டு தேயிலையைக் கவ்வாத்து வெட்டத்தான் போவார். ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டால் தலைவர். எழுதுவது குறைவு. ஆனாலும் பேனா இரண்டு.

விழாவில் ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. அதுவே அவருக்குப் பாதி உற்சாகத்தைக் கொடுத்துவிட்டது.

"நூத்தம்பது வருசமா நம்மள அடைச்சு வச்சிருந்த லயத்துக்கு இன்னையோட முழுக்கு. இனிமே அந்த லயத்துல ஒரு பூனகூட இருக்காது."

கைதட்டல் எழுந்தது. யாரோ அதைப் படம்பிடித்து முகநூலில் போட்டார்கள். நல்லமுத்து அதை ஒன்பது தடவை பார்த்தார். ஒன்பதாவது தடவை பார்க்கும்போதுதான், கூட்டத்தின் ஓரத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மீனம்மா உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பத்தாவது தடவை அவர் பார்க்கவில்லை.

ஒற்றையறை வீடுகள் ஒட்டி நிற்கும் பத்துக் காம்பரா லயம் அது. ஒன்பது குடும்பங்களுக்கு மேலே தனி வீடு கிடைத்தது. மீனம்மாவுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற குடும்பங்களுக்குத்தான் வீடு என்றார்கள். மீனம்மா வேலையிலிருந்து நின்று ஐந்து வருடமாகிறது. புருசன் இல்லை. ஒரே மகள் இறம்பொடைப் பக்கம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கலாங்க்கா" என்று நல்லமுத்து சொன்னார். எந்தக் குரலில் சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. சம்பளம் பேசப் போனால் தோட்டத்தை நடத்தும் தொரை அவரிடம் பேசுகிற அதே குரல்.

அதற்குப் பிறகு அவர் மீனம்மாவின் கண்ணில் படாமல் நடக்கப் பழகிக்கொண்டார். பதினாறு வருடம் அடுத்த காம்பராவில் இருந்த மனுசியின் கண்ணில் படாமல் இருப்பது லேசான வேலை அல்ல. வீடு மாறியதும் அந்தச் சிரமம் விட்டது. புது வீட்டில் அவருக்குப் பிடித்த வசதிகளில் இதுவும் ஒன்று. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய வசதி அல்ல.

பூனையின் பேர் டிக்கிரி. மனைவி நாகலெட்சுமி வைத்த பேர். சாம்பல் நிறக் கடுவன், வால் நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நாலு பேர் இருக்கும்போது நல்லமுத்து அதைச் சனியன் என்பார். யாரும் இல்லாதபோது கருவாட்டுத் தலையைக் கிள்ளி வைப்பார். ஒரு மழைநாளில் மலையில் தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்து அவர் இடது முழங்கால் பிசகியது. அன்றிலிருந்து குளிர் வந்தால் அந்தக் கால் தனியாகப் பேசும். டிக்கிரி அந்த முழங்கால் மேலேதான் படுக்கும். எண்ணெய்க்கும் கட்டுக்கும் கேட்காத வலி அதன் வயிற்றுச் சூட்டுக்குக் கேட்டது. தலைவர் ஒரு பூனைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார் என்பது சங்கத்துக்குத் தெரியாது.

குடிபோகும் நாளில் பூனையைக் கொண்டுபோக ஒரு முறை உண்டு என்று நாகலெட்சுமி சொன்னாள். சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டி, பாதை பிரியும் இடத்தில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பூனைக்கு வந்த வழி மறக்கும். வேறு சாக்கு கிடைக்காமல் கொழுந்துச் சாக்கில் போட்டார்கள். நல்லமுத்து பாதையில் நின்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் அவருக்குத்தான் தலை கிறுகிறுத்தது. கொழுந்துச் சாக்கில் கொழுந்து வாசம்தான் அடிக்கும். மலை முழுக்க அதே வாசம்தான். அப்படியிருக்கப் பூனைக்கு எந்த வழி மறக்கும்? இது அவருக்குப் பிறகுதான் தோன்றியது. தோன்ற வேண்டியதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தோன்றும்.

பூனையோடு அவர் மேலே கொண்டுபோன இன்னொரு பொருள் நாலு தகரம். மேலே போன மற்றவர்களின் கூரையெல்லாம் துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. நல்லமுத்து மட்டும் போன வருடம்தான் தன் காம்பராவுக்குப் புதுத் தகரம் வாங்கிப் போட்டிருந்தார். தன் பொருள்தானே என்று கழற்றினார். புது வீட்டின் பின்னால் அதை வைத்து விறகுக் கொட்டில் போட்டார். கொட்டில் பார்க்க லட்சணமாக இருந்தது.

பால் காய்ச்சிய அன்று அலுமாரிக்கு அடியில் போன டிக்கிரி இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அலுமாரிக்கு அடியிலும் இல்லை.

"லயத்துக்குத்தான் போயிருக்கும்" என்றாள் நாகலெட்சுமி.

"அங்க என்ன இருக்கு, போறதுக்கு?"

"நீங்கதான் மைக்குல சொல்லியாச்சு, பூனகூட இருக்காதுன்னு. அதுக்குக் காது கேக்கல போல."

அன்று வேலை முடிந்ததும் குளிக்காமலேயே நல்லமுத்து கீழே இறங்கினார். எதிரில் வந்தவர்களிடம் தண்ணிப் பைப்பு பார்க்கப் போவதாகச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். பழைய காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில், கூரையில்லாத வீட்டுக்குள்ளிருந்து விழுந்த வெயிலில் டிக்கிரி கால் நீட்டிப் படுத்திருந்தது. அவரைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தது. அடுத்த காம்பராவில் மீனம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நல்லமுத்து பூனையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி, பாதையே இல்லாத வழியில் மேலே ஏறினார். நெஞ்சில் நாலு கீறல். வேலைநிறுத்தத்தில் பொலிஸ் தடியோடு வந்தபோது கூட அவர் பாதையை விட்டு ஓடியதில்லை.

இரண்டே நாளில் அது மறுபடி போயிற்று.

இந்தத் தடவை டிக்கிரி மீனம்மாவின் வாசலில் இருந்தது. சிரட்டையில் சோறு தின்றுகொண்டிருந்தது. மீனம்மா பக்கத்தில் குந்தியிருந்து அதோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். நல்லமுத்து தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். செடி இடுப்பளவு, தலைவர் அதைவிடக் கொஞ்சம் பெரியவர். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது. அதைப் பிடுங்கினால் செடி அசையும் என்று அப்படியே விட்டார். அரைமணி நேரம் கழித்து மீனம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போனாள். அவர் ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் பூனையைத் தானே திருடுகிற மனுசன் இந்தத் தோட்டத்தில் வேறு யாராவது உண்டா என்று வழியெல்லாம் யோசித்தார். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பூனையைக் குசினிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தார். நாகலெட்சுமி கொழுந்தெடுத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ஆளுங்கள அடைச்சு வச்சிருந்தாங்கன்னு ஊரெல்லாம் பேசுனீங்க. இப்ப இது என்ன?"

"ரெண்டு நாளைக்குத்தான். பழகிரும்."

"நம்ம பாட்டன்மாரையும் அப்படித்தானாம் சொல்லிக் கடல் தாண்டிக் கூட்டி வந்தாங்க."

மூன்றாம் நாள் அவள் அடுப்புச் சாம்பல் அள்ளக் கதவைத் திறந்த நொடியில் டிக்கிரி அவள் காலுக்கிடையில் புகுந்து ஓடியது. அன்றைக்குத்தான் ஆனி மழையும் பிடித்தது.

அந்த மழைக்கு ஆரம்பம் முடிவு கிடையாது. மேகம் மலைமேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற மழை. நல்லமுத்து முதல் நாள் போகவில்லை. எங்கே போயிருக்கும், மீனம்மா சோறு போடுவாள், மழை விட்டால் போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். இரண்டாம் நாள் குடையோடு போய்த் தூரத்தில் நின்று பார்த்தார். வாசலில் சிரட்டை இருந்தது. சிரட்டை நிறைய மழைத்தண்ணி இருந்தது. பூனை இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. டிஸ்பென்சரி லயத்தில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எந்த நிற நாய் என்று நல்லமுத்து கேட்டார். நிறத்தைத் தெரிந்து என்ன செய்யப் போகிறார் என்று சொன்னவர் விழித்தார்.

முழங்கால் வலித்தது. சோறு இறங்கவில்லை. தட்டில் கருவாட்டுத் தலை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அடைத்து வைக்காமல் இருந்திருந்தால் கீழேயாவது இருந்திருக்கும் என்று நினைத்தார். வலை அடித்த ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"போய் நாலு பேர்கிட்ட கேளுங்க" என்றாள் நாகலெட்சுமி.

"பூனையக் காணோம்னா கேப்பாங்க?"

"பின்ன, யானையக் காணோம்னா கேப்பீங்க?"

காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் ஆள் கூடும். கண்டாக்கு பேர் வாசித்து எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவார். தலைவருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் ஆட்கள் கலைவதற்கு முன் அங்கே நின்று சொல்வதுதான் வழக்கம். நல்லமுத்து பதினாறு வருடமாக அங்கே நின்று சம்பளம், சாக்கு நிறை, மருத்துவ லீவு எல்லாம் பேசியிருக்கிறார். நாலாம் நாள் காலையில், மூடுபனிக்குள், குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. ஒரு விசயம் இருக்கு."

கூட்டம் நின்றது. சம்பளப் பேச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள். கண்டாக்கையா கையிலிருந்த போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"விசயம் என்னன்னா, நம்ம பிரிவுல, கடந்த நாலு நாளா..." தொண்டையைச் செருமினார். மேடைக் குரல் தானாக வந்துவிட்டது. அதை எப்படி இறக்குவதென்று தெரியவில்லை. "சாம்பல் கலரு. வாலு நுனி வளைஞ்சிருக்கும்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"பூனயா தலைவரே?" மற்றச் சங்கத்து ஜெயகாந்தன்தான் கேட்டான். "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. கைய ஒசத்துறதா வேணாமான்னு இவ்வளவு நேரம் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

சிரிப்பு களத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அது உங்க சங்கத்துல இருந்துச்சா, இல்ல எங்க பக்கம் தாவிருச்சா?"

"லயத்துல பூன இருக்காதுன்னாரு. வீட்டுலயும் இல்லாமப் பண்ணிட்டாரு."

கண்டாக்கையா வேறு பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நல்லமுத்துவும் சிரித்தார். அந்த இடத்தில் சிரிப்பதைத் தவிர செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

"சும்மா சிரிக்காதீங்க" என்றாள் கொழுந்தெடுக்கிற கிருஷாந்தி. "மீனாக்காவும் தேடிக்கிட்டுத்தான் இருக்கு. முந்தாநாத்து விறகுக்குப் போறேன், வாசல்ல நின்னு தொரை, தொரைன்னு கூப்பிடுது. பெரிய தொரைதான் வர்றாருன்னு நான் ஓடிப்போயி புதருக்குள்ள ஒளிஞ்சேன். பாத்தா பூனைக்கு அந்தப் பேரு."

நல்லமுத்து வேலை முடிந்ததும் கீழே போனார். இந்தத் தடவை பைப்பு பார்க்கப் போவதாக யாரிடமும் சொல்லவில்லை. பெரட்டில் சொன்ன பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மீனம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க தலைவரே. இன்னைக்கு முன்பக்கமா வர்றீங்க."

அவர் படியில் நின்றார்.

"ரெண்டு தரம் இங்க வந்து பூன திருடுனீங்க. பீலியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். செடிக்குப் பின்னால உங்க மொட்டத் தல நல்லாத் தெரிஞ்சுச்சு."

"கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"கூப்பிட்டா ஓடிருவீங்க. தண்ணிக்குப் போயிட்டா எடுத்துக்குவீங்கன்னுதான் போனேன். அன்னைக்கிக் கொடத்துல தண்ணிகூட இருந்துச்சு." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டாள். "தொரைதான் வரல. நாலு நாளாச்சு."

"தொரைன்னு எதுக்குப் பேரு வச்சீங்க?"

"வரும், ஒவ்வொரு காம்பராவா எட்டிப் பாக்கும், திங்கும், ஒரு வார்த்தை பேசாமப் போயிரும். வேற என்ன பேரு வைக்க?"

உள்ளே வரச் சொன்னாள். உள்ளே போனதும் குனிந்து ஒரு சருவச்சட்டியைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கப்பால் ஒரு வாளி. அப்புறம் ஒரு பால்மா டின். மூன்றிலும் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது, மூன்று விதமான சத்தத்தில். கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். அடுப்புக்கு மேலே இரண்டு காம்பராவுக்கும் பொதுவாக ஓடும் உத்தரத்தைக் காட்டினாள்.

"இங்கதான் அது படுக்கும். உங்க பக்கம் பாதி, எம் பக்கம் பாதி. சூடு வரும்ல. மழை தொடங்குனப்ப வந்துச்சு, ஏறிப் பாத்துச்சு, எறங்கிப் போயிருச்சு. நனஞ்ச மரத்துல எப்படிப் படுக்கும்?"

உத்தரம் கறுத்து ஊறியிருந்தது. நல்லமுத்து அண்ணாந்து பார்த்தார். மீனம்மாவின் தகரம் பழசுதான், ஆனால் ஓட்டை இல்லை. தண்ணி அவள் கூரையிலிருந்து வரவில்லை. லயத்தில் காம்பராவைப் பிரிக்கும் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரே கூரை, பத்துக் காம்பராவுக்கும். அந்தச் சுவருக்கு மேலால், அவருடைய பழைய காம்பராவிலிருந்து, காற்றோடு மழை நேராக வந்து கூரை மரங்கள் வழியே ஓடிச் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது.

"எத்தன நாளா ஒழுகுது?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"நீங்க தகரம் கழட்டுன நாள்ல இருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட?"

அவர் பால்மா டின்னைப் பார்த்தார். அது நிரம்பும் தறுவாயில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் வெளியே ஊற்றிவிட்டு வந்து வைத்தார்.

"பூனகூட இருக்காதுன்னு மைக்குல சொன்னீங்கல்ல" என்றாள் மீனம்மா. "எல்லாரும் கேட்டாங்க, உனக்குக் கோவம் வரலயான்னு. எனக்கு எதுக்குக் கோவம்? நான் பூன இல்லியே."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்லமுத்து விறகுக் கொட்டிலின் மேல் ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். நாகலெட்சுமி கீழே நின்று பார்த்தாள்.

"வெறகு நனையும்."

"நனையட்டும்."

"சோறு?"

"பச்சை வெறகுல ஆக்கு. முன்ன நம்ம ஆக்கலயா?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தனியாத் தூக்கிக்கிட்டுப் போயி கால ஒடச்சுக்காதீங்க. அந்த முனையப் பிடிங்க."

நாலு தகரத்தையும் ஒன்றாக அடுக்கி, முன் முனை அவர் தலையிலும் பின் முனை அவள் தலையிலுமாக, தூறலில் பாதை வழியே இறங்கினார்கள். ஞாயிறு என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். மேலே கொண்டு வரும்போதும் இதே ஆட்கள்தான் பார்த்தார்கள். ஜெயகாந்தன் பல் துலக்கிக்கொண்டு நின்றான்.

"தலைவரே, திரும்பவும் லயத்துக்கா?"

"ஆமாப்பா. நீயும் ஒரு சுத்தியல் எடுத்துக்கிட்டு வா."

வரமாட்டான் என்று நினைத்துத்தான் சொன்னார். வந்தான். மற்றச் சங்கத்துக்காரன் ஒருவன் ஏணி பிடிக்க, தலைவர் கூரையில் ஏறி, தான் கழற்றிய தகரத்தைத் தான் கழற்றிய இடத்திலேயே அடித்தார். அதையும் யாரோ படம்பிடித்தார்கள். அதைத் திறப்பு விழாப் பேச்சைவிட அதிகம் பேர் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டார். மூன்று ஆணி வளைந்து போயிற்று.

"தலைவரே" என்று மீனம்மா கீழேயிருந்து சொன்னாள், "பேசுற மாதிரி அடிக்காதீங்க. நேரா அடிங்க."

திங்கள் முழுக்க உத்தரம் அடுப்புப் புகையில் காய்ந்தது. பூனை வரவில்லை. நல்லமுத்து வேலை முடிந்ததும் போய் இஸ்தோப்பில் நின்று டிக்கிரி என்று கூப்பிட்டார். வரவில்லை. மீனம்மா தொரை என்று கூப்பிட்டாள். வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவரும் தொரை என்று கூப்பிட்டார். பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் இவ்வளவு பணிவாகச் சொன்னதில்லை.

செவ்வாயன்று மூன்று மணி இருக்கும். மீனம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருந்தாள். நல்லமுத்து அடுப்புக்குப் பக்கத்தில் பலகைக் கட்டையில் உட்கார்ந்து, சிறுத்தையைப் பற்றி நினைக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார். மேலே ஏதோ அசைந்தது. நிமிர்ந்தால், உத்தரத்திலிருந்து கொக்கி மாதிரி ஒரு வால் தொங்கியது.

மீனம்மா சோற்றுச் சிரட்டையை மெதுவாக அடுப்புப் பக்கம் தள்ளி வைத்தாள்.

டிக்கிரி இறங்கியது. மெலிந்திருந்தது. இடது காது கிழிந்து காய்ந்திருந்தது. எங்கே இருந்தது, யாரோடு சண்டை போட்டது என்பதை யாரிடமும் சொல்லும் உத்தேசம் அதற்கில்லை. சிரட்டையிலிருந்த சோற்றை முழுக்கத் தின்றது. வாளி இருந்த இடத்தை மோந்து பார்த்தது. அப்புறம் நல்லமுத்துவை ஒரு தரம் பார்த்து, வேறு நல்ல இடம் இல்லை என்று முடிவு செய்ததுபோல ஏறி, இடது முழங்காலில் சுருண்டுகொண்டது.

அவருக்குக் கண்ணில் புகை பட்டது. பச்சை விறகு அல்ல, நன்றாகக் காய்ந்த விறகுதான்.

போன் அடித்தது. அசையாமல் எடுக்கப் பெரும்பாடுபட்டார்.

"எங்க இருக்கீங்க?" நாகலெட்சுமி.

"லயத்துல."

"வந்துருச்சா?"

"மடியில கெடக்கு."

"தூக்கிக்கிட்டு வர்றீங்களா?"

அவர் பூனையைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். "இல்ல" என்றார். "இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

"நல்லது. வீடு கட்டிக் குடுத்தாங்க, மனுசன் லயத்துல குடியிருக்கான்னு சொல்லிக்கிறேன்." வைத்துவிட்டாள்.

எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பூனை போய்விடும். மீனம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மாதான உக்காந்திருக்கீங்க" என்றாள். "பையில பேனா ரெண்டு இருக்கு. ஒண்ணாச்சும் எழுதுமா?"

பழைய கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவது எழுதியது. வலது தொடையில் தாளை வைத்து, வீட்டுப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு என்று மேலே எழுதினார். அடுத்து விண்ணப்பிப்பவர் பெயர். அங்கே பேனா நின்றது. பதினாறு வருடம் அடுத்த காம்பரா. அவளுடைய முழுப் பேர் அவருக்குத் தெரியவில்லை.

"என்ன, மறந்து போச்சா?"

"தெரிஞ்சாத்தானக்கா மறக்க."

மீனம்மா சிரித்தாள். "அடையாள அட்டையில ஆண்டி மீனாட்சின்னு இருக்கு. அப்படியே எழுதுங்க. வேற மாதிரி எழுதுனா அதைச் சாக்கா வச்சு அடுத்த லிஸ்ட்லயும் விட்டுருவாங்க."

நல்லமுத்து எழுதினார். முழங்கால் அசையாமல் எழுத வேண்டியிருந்ததால் எழுத்து நேராக வரவில்லை. வெள்ளிக்கிழமை நுவரெலியா போய்க் கொடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார், இது என்ன கோணல் எழுத்து என்று. அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டே, மெதுவாக, அடுத்த வரிக்கு வந்தார்.